அரைப் பேரு

லயத்து வரிசை வீட்டின் உள் காம்பராவிலிருந்து ஒரு தும்மல் சத்தம் கேட்டது. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கஸ்பரின் கையில் ஊதுகுழல் அப்படியே நின்றது.

“யாரு தும்முனது?”

“ஒங்க தங்கச்சியோட சின்னவதான். புகை பட்டிருக்கும்” என்றாள் மனைவி டோரீன்.

“தும்முனா சளி. சளின்னா மச்சான் பொட்டிய கட்டிருவாரு!”

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கும் ஆட்களை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி கஸ்பர். அவர் அதட்டினால் எதிர் மலையில் கொழுந்து பறிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அதே மனிதர், கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தங்கை புருஷன் லோரன்சுக்கு முன்னால் குரலே எழாமல் நிற்பார். போன தடவை நத்தார் பண்டிகைக்கு வந்த தங்கை சிசிலி, புது வருசம் வரை இருப்பதாகத்தான் வந்தாள். பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை என்று மறுநாளே எல்லோரையும் கூட்டிப் போய்விட்டார் லோரன்ஸ். பிறகு இரண்டு நத்தார் வந்து போயின. தங்கை வரவில்லை. பாவம், கஸ்பர் யாரிடம் சொல்லி அழுவார்?

அதனால் இந்த நத்தாருக்குத் தங்கை வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து, ஒரு மாதமாக அவருக்குப் பிள்ளைகளுக்கு எப்படிப் பொழுது போக்குவது என்ற நினைப்புத்தான். சவுக்கு மரத்தில் ஊஞ்சல் கட்டினார். வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் பார்க்க ஒரு நாள், அருவிக்கு ஒரு நாள் என்று வகுத்து வைத்தார். வந்த மறுநாள் விடியற்காலையிலேயே பிள்ளைகளை எழுப்பி, தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்துவது போல வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு என்ன விளையாட்டு என்று பிரித்துக் கொடுத்தார். வேலை பிரிப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பிள்ளைகள் தூக்கம் கலையாத கண்களோடு விறைத்து நின்றன.

அன்றைக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ஊஞ்சல் கயிறு நனைந்து தொங்கியது. கஸ்பர் கதவை ஒரு சாண் திறப்பார், உள்ளங்கையை வெளியே நீட்டுவார், பெருமூச்சோடு மூடுவார். அடுத்த நிமிடம் மறுபடி திறப்பார்.

“அண்ணே, கூதலு உள்ள வருது. செத்த ஒக்காருங்க” என்றாள் சிசிலி.

வேலைக்குத் திரும்ப வேண்டிய லோரன்ஸ் மத்தியான ரயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே வந்தார். “மழ விடாது போல இருக்கே மச்சான். இவங்களையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிறவா? பாவம், பிள்ளைங்க அடைஞ்சு கெடக்குதுக.”

கஸ்பர் அவசரமாகக் கதவை விட்டு வந்தார். “நாளைக்குத் தேயிலத்தூள் அரைக்கிற ஸ்டோரப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன் மச்சான். டீமேக்கர் ஐயாகிட்டச் சொல்லிட்டேன். மெசினெல்லாம் ஓடும்...”

“ஜோசப்பின்! கெளம்பு!” என்று லோரன்ஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பதிலாக ஒரு அதட்டல் வந்தது: “ஏய், நெரைய விட்டு எங்கடி போற? கொழுந்து முத்திப் போச்சு, கண்ணு தெரியல?”

லோரன்ஸ் திரைச்சீலையை விலக்கினார். பிள்ளைகள் தலையில் கம்பளியும் முதுகில் கூடையுமாக வரிசையாக நின்றார்கள். முன்னால் சின்னவள் ஜோசப்பின். கஸ்பரின் மப்ளர் அவள் கழுத்தில், அவருடைய கம்பு அவள் கக்கத்தில். கைகளைப் பின்னால் கட்டி, அச்சு அசலாக அவரைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். கஸ்பருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தோட்டத்து ஏச்சையா பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தோம்!

ஜோசப்பின் தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள். “பெரட்டுக்கு வார நேரமா இது? ஒனக்கு அரைப் பேருதான், போ!”

நேரங்கழித்து வந்தவனுக்குப் பாதிச் சம்பளம், தோட்டத்துச் சட்டம். மாமா சொன்ன வேலைக்கதைகளைப் பிள்ளை ஒன்று விடாமல் பிடித்து வைத்திருந்தது. லோரன்ஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சரிங்க கங்காணி ஐயா” என்று மகளுக்குக் கும்பிடு போட்டார். “அரைப் பேருக்காரன் நான் தனியாவே போறேன். மச்சான், இந்த முழுப் பேருக்காரங்களப் புது வருசத்துக்கு வந்து கூட்டிக்கிறேன்.”

கஸ்பர் குடையை விரித்துக் கொடுத்தார். லயத்து முனையில் அந்தக் குடை மழைக்குள் மறையும் வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து கதவை மூடி, குறுக்குக் கட்டையையும் போட்டார்.

“பட்டப்பகல்ல எதுக்குங்க கட்ட?” என்று கேட்டாள் டோரீன்.

“மச்சான் மனசு மாறித் திரும்பி வந்துட்டா?” என்று கஸ்பர் கட்டையை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார்.