ஹெல்மெட்டுக்குள் சும்மாடு

என் அக்கா மொட்டை போட்டுக்கொண்டது எனக்காகத்தான் என்று ஊரே சொன்னது. பதினோரு வயதில் எனக்கு வந்த கோபங்களிலேயே பெரிய கோபம் அதுதான். நானா கேட்டேன்? காய்ச்சல் வந்தது, மூன்று வாரம் பாயில் கிடந்தேன், மாத்திரை தின்றேன், பிழைத்துக்கொண்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள், திருக்கழுக்குன்றத்துக்குக் கருவாடு விற்கப் போன அக்கா, இடுப்பைத் தொடும் முடியை மலையடிவாரத்தில் கொடுத்துவிட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு திரும்பி வந்தாள்.

"தம்பி பொழைக்கணும்னு வேண்டிகினேன். பொழச்சிட்டான். குட்த்துட்டேன்" என்றாள்.

அம்மா அழுதாள். நைனா பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்துக் குப்பத்தில் சொந்தப் படகும் வலையும் வைத்திருந்த ஒருவருக்கு அக்காவைக் கொடுப்பதாகக் கரையில் நாலு பேர் முன்னால் வார்த்தை கொடுத்திருந்தார். அந்த மனிதருக்கு நைனாவைவிட ஐந்தாறு வயதுதான் குறைவு. முதல் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. இரண்டு பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: வேண்டுதலுக்கு முடி கொடுத்த பெண்ணை, அது மறுபடி கழுத்தைத் தொடும் வரை மணையில் உட்காரவைக்கக் கூடாது. சாமியிடம் கொடுத்ததற்கு மேலே மனுஷன் கை வைப்பதாக ஆகிவிடும். நைனா கரையில் யாரை வேண்டுமானாலும் அடிப்பார். சாமியை எப்படி அடிப்பார்? அதனால் என்னைப் பார்த்து முறைத்தார். அவர் பேசிவைத்த கல்யாணத்தைக் கெடுத்தவன் நான்தானே!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்த முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்புவரை குப்பத்துக்குப் பக்கத்திலேயே படித்தேன். ஆறாவதுக்குத் திருக்கழுக்குன்றம் போகவேண்டியிருந்தது. காய்ச்சலில் போன நாட்களைக் கணக்குப் பார்த்த தலைமையாசிரியர், இனி ஒருநாள் தவறினாலும் பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். பஸ் ஏறவோ மூன்று மைல் நடக்கவேண்டும். எனக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா கூட வந்தாலும் பயனில்லை. மீன் கூடையைத் தூரத்தில் கண்டாலே கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பிவிடுவார்.

அப்போது சித்தப்பாவின் சைக்கிள் சும்மா நின்றது. கல்பாக்கத்தில் பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நைனாவின் தம்பியான அவர், குப்பத்திலிருந்து முதலில் அங்கே வேலைக்குப் போனவர்களில் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வலை இழுக்கப் போய்த் திருக்கை மீன் முள் குத்தி, பாதம் பழுத்து, வீட்டில் கிடந்தார். சுவரில் அவருடைய மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. அக்கா மூன்று நாள் ஈரமணலில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகினாள். நாலாவது நாள் ஹெல்மெட்டையும் எடுத்தாள்.

"மொட்டத்தலையோட ரோட்ல போனா நாயிலர்ந்து மனுசன் வரைக்கும் கொலைக்கும். இத்த மாட்டிகினா எவன் கேக்கப்போறான்?" என்றாள்.

ஆனால் அந்த ஹெல்மெட் அடர்ந்த முடிக்காரத் தலைக்கு வைத்த அளவு. அக்காவின் தலையில் அது பானை மூடி போலச் சுற்றியது. மேடு பள்ளத்தில் கண்ணை மறைத்தது. நேர் ரோட்டில் பின்னுக்குச் சரிந்தது. வளர ஆரம்பித்த முள்ளுமுடியில் உள்பட்டை உராய்ந்து அரித்ததில், ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் தலையையும் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. துண்டைச் சுற்றிப் பார்த்தாள். வேர்வையில் ஊறிக் கனத்தது. கடைசியில், கூடை சுமக்கத் தலையில் வைப்பாளே அந்தச் சும்மாட்டையே எடுத்து ஹெல்மெட்டுக்குள் திணித்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. புடவையைக் கச்சம் கட்டி, மேலே சித்தப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டால், தூரத்துக்கு அவள் சாட்சாத் ஆண்பிள்ளை. பின்னால் கூடை, முன்னால் கம்பியில் நான். எதிரில் வரும் லாரிக்காரன்கூட, "இன்னா மச்சான், டூட்டியா?" என்று கத்திவிட்டுப் போவான். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை மட்டும் தூக்குவாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒருநாள் கம்பியில் உட்கார்ந்தபடியே கேட்டேன்: "எனுக்காக நீ ஏன் மொட்ட போட்ட? நைனா என்னியத்தான் மொறைக்கிறாரு."

அவள் முன்னும் பின்னும் ரோட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உனுக்காகன்னு யார்ரா சொன்னது? உன் ஜொரம் எறங்கி பத்து நாளு கழிச்சிதான் எனுக்கு வேண்டுதலே தோணிச்சு. அந்த ஆளு எனுக்கு வேணாம். முடி வளர்ற வரைக்கும் அவன் காத்துகினு இருப்பானா? வேற எங்கனா பாத்துக்குவான். யார் கிட்டயும் சொல்லாத. சொன்னே, இங்கியே எறக்கி வுட்ருவேன்."

நான் சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் எனக்கு இன்னும் கோபம் கூடியது. செய்யாத வேண்டுதலுக்கு நான் பழி சுமப்பதா?

பள்ளியில் நானும் ஒரு பொய் வைத்திருந்தேன். மஞ்சள் தொப்பிக்காரர் யார் என்று பையன்கள் கேட்டபோது, "எங்க அண்ணன். கல்பாக்கத்துல இன்ஜினீயர்" என்று சொல்லியிருந்தேன். அதனால் பள்ளிக்கு நூறு அடி முன்னாலேயே, குளக்கரை மூலையில் இறங்கிக்கொள்வேன். மீன் வாசனையை எப்படி மறைப்பது என்பதுதான் தெரியவில்லை. இன்ஜினீயருக்கு மீன் பிடிக்கும் என்று சொல்லிவைத்தேன்.

அந்தக் குளக்கரை மூலையில்தான் அது நடந்தது. குறுக்கே ஒரு ஆடு பாய்ந்தது. அக்கா பிரேக்கை அழுத்த, ஹெல்மெட் கண்ணை மூட, சைக்கிளும் நாங்களும் கூடையும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம். என் முழங்கால் கிழிந்தது. ஹெல்மெட் உருண்டு போய் என் வகுப்புப் பையன்கள் காலடியில் நின்றது. ஒருவன் அதை எடுத்துக் கவிழ்த்தான். சும்மாடு பொத்தென்று விழுந்தது.

"டேய், இன்ஜினீயர் தொப்பிக்குள்ள சும்மாடு கீதுடா!"

"இன்ஜினீயருக்குப் பொடவ கீது, அத்தப் பாரு!"

"மொட்டச்சி! மொட்டச்சி!"

அக்கா சாலையில் உட்கார்ந்து வஞ்சிரத் துண்டங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட மூடவில்லை. "இன்னாடா இளிக்கிறீங்க? உங்க வூட்ல கொழம்புக்கு வேணும்னா உங்க அம்மாவ வரச் சொல்லு, தலையப் பாத்தா மீனு வாங்குவா?" என்றாள். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். வாத்தியார் ஒருவர் வந்து, "யாருடா இந்தப் பொம்பள?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மீனைக் கழுவக் குளத்துப் பக்கம் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் வந்து காத்திருந்தும் நான் ஏறவில்லை. பஸ் பிடித்து, மூன்று மைல் நொண்டிக்கொண்டு நடந்து, வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். அக்கா எனக்கு முன்பே வந்திருந்தாள். வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அண்ணனும் இன்னொருவரும் நைனாவுடன் பேசிக்கொண்டிருந்தார்கள். முடி வளரும்வரை பிள்ளைகளை யார் பார்ப்பது, வேறு இடம் பார்க்கலாமா என்று நாசூக்காகப் பேச்சு நடந்தது. நைனா தலை குனிந்திருந்தார். என் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்து, "இன்னாடா ஆச்சு?" என்றார்.

"இனிமே அக்கா கூட சைக்கிள்ல போவமாட்டேன். என்னால ஒண்ணும் அவ மொட்ட போடல. வேண்டுதலே கெடியாது. அந்த ஆளு வேணாம்னுதான் போட்டுகினா. அவளே சொன்னா!"

இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது. நைனா அவளை இரண்டு அறை அறைவார், என் வழக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். நைனா அடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

"அப்போ நல்லதாப் போச்சே அண்ணாத்த! வேண்டுதல் இல்லன்னா தடையும் இல்ல பாரு." பிறகு என் தலையைத் தடவி, "படிக்கிற புள்ள, பொய் சொல்லாது" என்றார். நைனாவும் சிரித்தார். ஒரு மாதத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். நான் பெருமையாக நின்றேன்.

கிணற்றடியில் நின்றிருந்த அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். ஹெல்மெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "காலக் கழுவிக்கோ. மண்ணு ஒட்டிகினு கீது" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் இவ்வளவு வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கமாட்டேன்.

ஒன்பதாம் நாள் கல்யாணம். அதற்கு முந்தின நாள்வரை, வீம்பை விட்டு, நான் அவள் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன். அரை அங்குல முடியில் சவுரிமுடி நிற்கவில்லை. பெண்கள் நாலு பேர் சேர்ந்து கறுப்புத் துணியில் பூவைத் தைத்து, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். "வலிக்குதாடி?" என்று கூட யாரும் கேட்கவில்லை. அவர்களை எல்லாம் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கேட்காத அம்மாவை, வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்ட நைனாவை, கால் சரியாகாததால் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவை. என்னை மட்டும் மன்னித்துவிடலாமாம். சின்னப் பையன் என்கிறார்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். பள்ளியில் என் கௌரவத்துக்காக நான் தினமும் பொய் சொன்னேன். அவள் தன் வாழ்க்கைக்காகச் சொன்ன ஒரே ஒரு பொய்யை, உண்மை பேசும் பிள்ளையாகப் போய் உடைத்தேன்.

சாயங்காலம் மாட்டு வண்டி வந்தது. அக்கா ஏறி, அந்த மனிதரின் சின்னப் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அழுதார்கள். அவள் அழவில்லை. எதற்காக அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவும் இல்லை. சதுரங்கப்பட்டினம் என்ன தூரமா? வண்டி நகர்ந்தபோது நான் கூடவே ஓடி, சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து கேட்டேன்:

"அக்கா, நாளைக்குக் கணக்குப் பரீட்ச. காலைல எத்தினி மணிக்கு வருவ?"