பிறந்த ஊர் என்ற கட்டம்

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பாக்கியம் அக்கா இறந்துவிட்டார். பையில் எங்கள் மனுவின் மூன்றாவது நகல் இருந்தது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

அவர் குவாரி ஊரின் செவிலியர். நான் அதே சுகாதார நிலையத்தில் விவரங்களைக் கணினியில் ஏற்றுபவள்.

எங்கள் முதல் சண்டை என் தவறால் வந்தது. குறையோடு பிறந்த குழந்தைகளின் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து அக்காவிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். குவாரி ஊருக்கு நேரே பூஜ்யம்.

"ஏட்டி, படிச்சவதானே நீ? தலைப்பிரசவத்துக்கு எவ இங்க இருக்கா? வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குப் போயிருதா. பிள்ள பொறக்கது அங்க. அதுவரைக்கும் தூசியத் தின்னது இங்க."

படிவத்தில் பிறந்த ஊருக்குக் கட்டம் இருந்தது. சுமந்த ஊருக்கு இல்லை.

விடுமுறை நாட்களில் தாய்வீடுகளைத் தேடிப் போனோம். செட்டியார்பட்டியில் ஒரு வீடு. உதடு பிளந்த பெண் குழந்தை. பெற்றவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா சொன்னார்: "கிரகணத்தன்னிக்கு வாசலுக்கு வந்துட்டா. சொன்னா கேட்டாத்தானே."

அக்கா கேட்டார்: "கிரகணம் ஊரு உலகத்துக்கெல்லாம்தானே பிடிச்சுது மதினி? அந்த ஊர்ப் பிள்ளைகள மட்டும் பஸ் ஏறிப் போயி பிடிச்சுதாக்கும்?"

பெற்றவள் திரும்பினாள். அக்கா அவளிடம் சொன்னார்: "நீ ஒரு தப்பும் பண்ணல தாயி." அவள் அழுத அழுகையில் குழந்தை விழித்துக்கொண்டது.

தண்ணீரையும் தூசியையும் சோதிக்க வேண்டும். எங்கள் மனுவில் இருந்தது அவ்வளவுதான். மனுவை வாங்கிய அதிகாரி கேட்டார்: "குவாரிதான் காரணம்னு நிரூபிக்க முடியுமா?"

அக்கா சொன்னார்: "முடியாது சார். அதுக்குத்தான வந்திருக்கோம். சோதிச்சுப் பாத்துட்டு இல்லன்னு சொல்லுங்க. சந்தோசமா வீட்டுக்குப் போறேன்."

அதிகாரி வேறு அலுவலகத்தைக் கை காட்டினார். அங்கே இன்னொன்றைக் காட்டினார்கள். வெளியே வந்து அக்கா சொன்னார்: "ரொம்ப மரியாதையாத்தான் பேசுதாக. கேக்கத்தான் மாட்டேங்காக."

அவரைப் பொறுமைசாலி என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். அவர் பொறுமையாக இருந்ததில்லை. அறுபது வயதில் கோபத்தோடு செத்தார். அதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

குறையோடு பிறந்த பிள்ளைகளையும் சுமந்த ஊரையும் அவர் கைப்பட எழுதிய நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரசவம். தாய் குவாரி ஊர்க்காரி. போய்ப் பார்த்தேன். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாயின் பெயரை எழுதினேன்.

அந்த நோட்டில் என் கையெழுத்து விழவே கூடாது என்று நினைத்திருந்தேன்.