தெளிந்த டீயில் தெரிந்தது

தீபாவளிப் பட்டாசு சீசன் வேலை முடிந்த பிறகும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் கெமோமில் என்ற காய்ந்த பூவை அனுப்பினாள்.

"வெந்நீர்ல போட்டுக் குடிங்க மதினி, தூக்கத்துக்கும் வயித்துக்கும் நல்லது" என்றாள்.

என் கணவர் பட்டாசுக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காலி டப்பாவைக் கழுவி, அதில் கொட்டி வைத்தேன். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான்.

அன்று ராத்திரி அந்தப் பூவில் டீ போட்டு, டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது மேலே வெள்ளியாக ஏதோ மினுங்கியது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"குடிக்காத, கீழ ஊத்து! பட்டாசு மருந்துக்குப் போடுற அலுமினியப் பவுடர் வந்த டப்பால்ல அது?"

"நல்லாத் தேச்சுத்தான கழுவுனேன்!"

"மூடி மடிப்புக்குள்ள எப்படித் தேப்ப?"

தெளிந்த டீ என்பதால் கண்ணில் பட்டது. பால் டீயில் தெரிந்திருக்காது. அன்றே அடுப்படியிலிருந்த கம்பெனி டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்தேன். இப்போது கண்ணாடி பாட்டில்கள்தான்.

எடுத்தவற்றில், எங்கள் பால் டீக்குப் பல வருஷமாகச் சீனி வைத்திருந்த டப்பாவும் இருந்தது.