எவர்சில்வர் போல்ட்

"டடக்."

சத்தம் முன்பக்கத்து ஷெட்டிலிருந்து வந்தது. உள்ளறையில் சாப்பிட உட்கார்ந்திருந்த இன்பராஜின் கை, சோற்றில் அப்படியே நின்றது. வாசல் கால்வாயின் மேல் போட்டிருந்த கல்பலகையில் ஏதோ ஒரு காரின் பின்சக்கரம் ஏறி இறங்கியிருக்கிறது. செண்பகம் ரசத்தை ஊற்றப் போனாள். அதற்குள் அவர் கையைக் கழுவாமலே எழுந்து போய்விட்டார்.

மாதனூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அந்த ஐம்பத்திரண்டு வயது மனிதர், எந்தக் கார் வந்தாலும் முதலில் அதன் எண்ணைத்தான் பார்ப்பார். அன்றும் பார்த்தார்.

ஆறு வருடமாக அவர் தேடிய எண் அது.

இன்பராஜ் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். தோல் ஊறும் பெரிய மரப்பீப்பாய்களைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. அங்கே உப்புத்தண்ணீர் எல்லா இரும்பையும் தின்றுவிடும். தாக்குப்பிடிப்பது எவர்சில்வர் போல்ட் மட்டும்தான். அந்த நம்பிக்கையோடுதான் அவர் வெளியே வந்து ஷெட் போட்டார். காரின் பின்பக்க ஆக்ஸிலை வண்டியின் உடம்போடு பிணைக்கும் போல்ட் துருப்பிடித்து வந்த ஒன்பது கார்களுக்கு, கம்பெனி போல்ட்டைவிட உசத்தி என்று பெருமையாக எவர்சில்வரையே முடுக்கினார்.

பளபளப்பு வேறு, பலம் வேறு என்பது அவருக்குத் தெரியாமல் போனது. ஒடுகத்தூர் தனகோடியின் கார் ஒருநாள் திருப்பத்தில் பின்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் வேர்க்கடலை நிலத்தில் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. கழற்றிப் பார்த்தபோது போல்ட் துளிகூடத் துருப்பிடிக்காமல், வளைந்து கிடந்தது. அன்று அவர் ஆண்பிள்ளை என்பதை மறந்து அழுதார்.

அன்று மாலையே ஒன்பது எண்களையும் வீட்டுக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதினார். கதவைச் சாத்தும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும் என்று. வருகிறவர்கள் லாட்டரி நம்பரா என்று கேட்கிறார்கள் எனச் செண்பகம் கேலி செய்வாள். வீடு வீடாகப் போய் எட்டு கார்களுக்கு மாற்றிக் கொடுத்து, கதவில் அந்த எட்டு எண்களையும் பென்சிலால் அடித்தார். ஒன்பதாவது கார் கைமாறி ஆந்திரா பக்கம் போய்விட்டதாகப் புரோக்கர் சொன்னான். அதன் பிறகு எந்தக் கார் கல்பலகையில் ஏறினாலும் அவர் காது அங்கேதான்.

அந்தக் காரிலிருந்து இப்போது இறங்கியவர் உமைமா. வாணியம்பாடியில் கல்லூரி ஆசிரியை. நான்கு மாதத்துக்கு முன் பழைய கார் சந்தையில் வாங்கியிருக்கிறார். வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு வேலூர் அழைத்துப்போக வேண்டும். நாளைக் காலையும் போயாக வேண்டும். பின்பக்கம் சத்தம் வருகிறதென்று இரண்டு இடத்தில் காட்டி, ஷாக் அப்சார்பரை மாற்றியும் நிற்கவில்லையாம்.

இன்பராஜ் காரை ஷெட்டின் பழுதுபார்க்கும் குழிமேல் நிறுத்தி, குழிக்குள் இறங்கி, ஆக்ஸிலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இடதுபக்க போல்ட்டைக் கழற்றினார். பாதியில் கழுத்துப்போல் இளைத்து, வளைந்திருந்தது. அதைத் துணியில் துடைத்தார். பளபளத்தது.

யார் போட்டதென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவே போவதில்லை. பேசாமல் மாற்றியிருக்கலாம். செண்பகம் வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இத போட்டது நான்தான்," என்றார் இன்பராஜ்.

எல்லாவற்றையும் சொன்னார். உமைமாவின் முகம் வெளுத்தது.

"எங்க அம்மாவ பின்சீட்ல படுக்க வச்சிக்கினு ஹைவேல போய்ட்டு வந்திருக்கேன். இப்பவும் நீங்க போடப்போறத நம்பி எப்படி போறது?"

இன்பராஜ் வலது போல்ட்டையும் கழற்றிக்கொண்டு, டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஆம்பூருக்குப் போனார். முதல் கடையில் கொடுத்த போல்ட்டின் நீளம் சரி, தலையில் பலத்தைக் குறிக்கும் 10.9 என்ற எண்ணும் சரி. ஆனால் மரை, அதாவது திருகு வரி, கூடுதல் தூரம் ஓடியிருந்தது. மரையில்லாத வழவழப்பான உடல்பகுதிதான் பாரத்தைத் தாங்க வேண்டும். அதை வைத்துவிட்டு, மூன்றாவது கடையில் கம்பெனி போல்ட் இரண்டும் நட்டும் வாங்கி வந்தார்.

அவர் வரும்வரை உமைமா செண்பகம் கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

புதியவற்றை மாட்டியதும் உடனே முடுக்கிவிடவில்லை. முட்டுக்கட்டையை அகற்றி, காரின் முழுப் பாரமும் சக்கரத்தில் இறங்கிய பிறகு குழிக்குள் நின்று, இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர் 'டிக்' என்று சொல்லும்வரை முடுக்கினார். தொங்கும் நிலையில் முடுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். தெரியாமல் செய்த ஒரு தவறு, அந்த மனிதரை எவ்வளவு தெரிந்துகொள்ள வைத்திருக்கிறது!

மேலே ஏறி வந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"செண்பகம், பின்சீட்ல ஏறு."

"சாவுறதுக்கு ஜோடி தேட்றியா?" என்றாள் செண்பகம். ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

உமைமா பார்த்துக்கொண்டே நின்றார். இன்பராஜ் ஓட்டிய கார் பள்ளிகொண்டா டோல்கேட் வரை வேகமாகப் போய்த் திரும்பி, கல்பலகையில் ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. பின்சீட்டிலிருந்து செண்பகம் இறங்கி, ஏசி நல்லா இருக்குது மேடம் என்றாள். உமைமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"நாளைக்கு அம்மாவ கூட்டிக்கினு இந்தப் பக்கமாத்தான் போவேன் அண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இன்பராஜ் வெளியே நின்று பார்க்கவில்லை. உள்ளறைக்குப் போய், சாப்பிடும்போது சத்தத்தைக் கேட்ட அதே இடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். கார் கல்பலகையைத் தாண்டிய சத்தமே அவருக்குக் கேட்கவில்லை.

செண்பகம் பென்சிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.