அமேசன் கரையில் ஒரு கிணறு

லண்டனில் வூலிச் படகில் ஏறியதும் தேம்ஸின் சேற்று மணம் மூக்கில் அடித்தது. பக்கத்தில் அம்மா நின்றார். எனக்கு அமேசன் நினைவுக்கு வந்துவிட்டது.

கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் எங்களைப் பிரேசிலில், அந்த ஆற்றங்கரைக் கிராமமொன்றில் விட்டுவிட்டுப் போய்விட்டான். நான் அப்போது சிறுமி. வீடுகள் மரக்கால்களில் நின்றன. வெள்ளம் வந்தால் படுக்கைக்குக் கீழே மீன் துள்ளும். எல்லோரும் கலங்கிய ஆற்றுநீரையே குடித்தார்கள். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த அம்மாவுக்கு அது தண்ணீராகவே தெரியவில்லை.

“கிணத்துத் தண்ணி இல்லாமல் எனக்குச் சமைக்கேலாது,” என்றார்.

அப்பா வீட்டுக்குப் பின்னால் மேட்டில் வெட்டத் தொடங்கினார். அவ்வளவு பெரிய ஆற்றின் கரையில் ஒருவர் கிணறு வெட்டுவதைப் பார்த்து ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கோடையில் ஆறு வெகுதூரம் வற்றிப்போக, இடையில் முழங்கால் சேறு கிடந்தது. சிரித்தவர்கள் வாளிகளோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். அம்மா கிணற்றடியில் மகாராணி மாதிரி நின்று, “அள்ளுங்கோ, அள்ளுங்கோ,” என்று தமிழிலேயே சொன்னார்.

படகு அக்கரையை நெருங்கியது. அம்மா தேம்ஸை ஏற இறங்கப் பார்த்தார்.

“கரையில ஒரு கிணறு வெட்டினால் இவையளும் நல்ல தண்ணி குடிக்கலாம், பிள்ளை.”