மோகன்ராஜ் கட்டிய அமெரிக்கா

அமெரிக்காவைப் பற்றி மோகன்ராஜ் பாடாத காரிய வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் ஆள் தாண்டிய எல்லை சென்னை விமான நிலையத்தின் வாசல்தான். பனியை அவன் பார்த்தது ஐஸ்பெட்டிக்குள் மட்டும். பிழைப்புக்குத் திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சாவு விழுந்த வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாட்டுக் கட்டிப் பாடுகிறான். நான் அவனுக்கு டோலக் அடிப்பவன். இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

காரியப் பாட்டில் இறந்தவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு அடி உண்டு. பெயரையும் பெருமையையும் சொல்லியாக வேண்டும். ஒருவரை விட்டால் சண்டைதான். நிலமில்லாமல் கூலிக்குப் போன வீடுகளிலிருந்தும் பையன்கள் அமெரிக்கா போக ஆரம்பித்தபோது, மோகன்ராஜ் அவர்களுக்கென்று ஒரு அடி கட்டி வைத்துக்கொண்டான். பெயரை மட்டும் மாற்றுவான்.

‘கண்ணாடி மாளிகையில் கட்டில்போட்டுத் தூங்குறான்,
பனிமழை பெய்யயிலே பால்காபி குடிக்கிறான்.’

வரதய்யபாளையம் பக்கத்துச் சென்னம்மாவுக்கு இந்த அடி என்றால் உயிர். அவள் மகன் முரளி போய்ப் பதினோரு வருடம். யார் வீட்டுக் காரியமானாலும் முன்னால் வந்து உட்கார்ந்து, "எம்புள்ள பாட்டப் பாடு மோகனா" என்பாள்.

போன மாதம் அவளே செத்துப்போனாள். முரளி வரவில்லை, பங்காளி மகன் கொள்ளி வைத்தான். காரியத்துக்கு மூன்று நாள் முன்பு முரளி மோகன்ராஜுக்கு போன் செய்தான். நானும் ஆட்டோவில் இருந்தேன்.

"அந்த மாளிகைய மட்டும் பாடாதீங்கண்ணா. ஒரு ரூம்ல நாலு பேரு கீறோம். ஓட்டல்ல தட்டு கழுவறேன். பேப்பரு சரியில்ல, வெளிய வந்தா திரும்ப உள்ள உடமாட்டான். நைனாவும் அக்கா வீடும் என்ன நம்பித்தான் கீது. மாளிகைல இருக்கறவன் ஏன் வரலன்னு ஊரே கேக்கும். வரமுடியலன்னு பாடுங்கண்ணா."

மோகன்ராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "இம்மாம் நாளா நான் இன்னாடா பாடிக்கினு இருந்தேன்?" என்று என்னைக் கேட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. நானும்தானே தாளம் போட்டேன்.

புது அடி கட்டினான். ஆனால் காரியத்தன்று காலையில் சென்னம்மாவின் புருஷன் பாலையா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குப் புடிச்ச அடியயே பாடு மோகனா. வேற எதுவும் வாணாம்." மோகன்ராஜ் சரியென்று தலையாட்டினான்.

முரளியின் அக்கா ரூபா, சென்னம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வீடியோ காலில் போனை நிறுத்தினாள். திரையில் முரளி, ஏதோ படிக்கட்டில், வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்தான். மோகன்ராஜ் மாளிகையைப் பாடினான். பாடி முடிப்பதற்குள் பந்தலிலிருந்து ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னாள்: "அம்மாம் வசதி கீது, பெத்தவளுக்குக் கொள்ளி வெக்க வரதுக்கு இன்னா கேடு?"

முரளி தலை குனிந்தான். மோகன்ராஜ் கையைக் காட்டி என் டோலக்கை நிறுத்தினான். தாளமில்லாமலே புது அடியைப் பாடினான்.

‘ஒத்தை ரூமில் நாலு பேரு, தட்டு கழுவிக் கை வீங்க,
பெத்தவளத் தோள்சுமக்க வரமுடியாம அவன் ஏங்க.’

பாலையா எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் டோலக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் எங்களைத் தாண்டிப் போய் போனுக்கு முன்னால் குந்தினார். பதினோரு வருடத்தில் மகனிடம் அங்கே பனி பெய்கிறதா, கார் என்ன நிறம் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

"துன்னியாடா?" என்றார்.

"இன்னும் இல்ல நைனா" என்று சொல்லிவிட்டு முரளி ஓவென்று அழுதான்.