அவன் ஃபில்டர் போடாத லென்ஸ்

டிஜிட்டல் கேமரா எங்கள் ஊருக்குள் வந்த புதிது. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளின் லேபிளுக்குப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். வெடிமருந்துத் தூசி பறக்கிற ஊரில் லென்ஸை அம்மணமாக விடலாமா? வாங்கிய அன்றே முன்னால் ஒரு ஃபில்டரை மாட்டினேன். பிறகு கழற்றவே இல்லை.

என் சித்தப்பா மகனுக்கும் இதே தொழில்தான். அவன் ஃபில்டரே போடமாட்டான். "கண்ணாடிக்கு மேல எதுக்குண்ணே இன்னொரு கண்ணாடி?" என்று சிரிப்பான். படம் என்னவோ பளிச்சென்றுதான் வந்து தொலைக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அந்த லென்ஸில் ஒரு பொறியாவது விழாதா என்று மனசார வேண்டியிருக்கிறேன்.

அந்த சீசனில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனி புதுப் பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், இறக்கியது. யார் படம் பெட்டியில் ஏறுகிறதோ அவருக்கே வருஷம் முழுக்க லேபிள் ஆர்டர் என்று முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டார். பொழுது இறங்கியதும் பொட்டலில் எங்கள் இருவரையும் நிறுத்தி சாம்பிள் கொளுத்தினார்கள். அவன் கிட்டத்தில் போய்க் குந்தினான். பூச்சட்டி சீறியது. ஒரு பொறி நேரே போய் அவன் லென்ஸில் ஒட்டியது.

"ஐயையோ, போச்சேண்ணே!"

கண்ணாடியில் கடுகளவு வடு. "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டினேன். உள்ளுக்குள் எனக்குத் தீபாவளி.

மறுநாள் அண்ணாச்சி இரண்டு பேர் படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். என் படத்தில், பின்னால் இருட்டில், பச்சை பச்சையாகப் புள்ளிகள்.

"என்ன தம்பி, பச்சப் பூச்சி பறக்கு? நம்ம சரக்குல வெள்ளிப் பொறிதானே வரும்?"

பூச்சட்டி வெளிச்சம் என் ஃபில்டரில் பட்டு எதிரொளித்திருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் அது எனக்குத் தெரியவில்லை. பொறி விழுந்த பிறகு அவன் எடுத்த படத்திலோ வடுவின் அடையாளமே இல்லை; முன்கண்ணாடியில் கடுகளவு வடு இருந்தால் படத்தில் தெரியாதாம். பொறி பட்ட லென்ஸில் அப்படி ஒரு படம்! ஆர்டர் அவனுக்குப் போனது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு என் மனைவி வாங்கி வந்த பட்டாசில் அந்தப் பெட்டியும் இருந்தது.

"படம் எம்புட்டு நல்லாருக்கு! நீங்க எடுத்ததா?"

"இல்ல. தம்பி எடுத்தது."

"அதானே பாத்தேன்" என்று பெட்டியைப் பிரித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாள்.